மலாவிக்கு ஊழியத்துக்குப் போகும் தாய்மாருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்து கணவரோடும் பிள்ளைகளோடும் மலாவிக்கு ஊழியத்துக்குப் புறப்படும் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. மின்சாரம் வந்து வந்து போகிற, ஆஸ்பத்திரிக்கு மண்சாலையில் போகவேண்டிய பணித்தளங்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். லிலோங்குவே, பிளான்டயர் போன்ற நகரங்களில் தங்குபவர்களுக்குப் பாதிக் கவலை குறையும்.

அழைப்பு என் கணவருக்குத்தானே? நான் கூடப் போனால் போதாதா?

போதாது. வில்லியம் கேரி இந்தியாவுக்குக் கிளம்பியபோது அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். கப்பல் தாமதமானதால் மறுபடி போய்க் கேட்டார்கள். சகோதரி துணைக்கு வந்தால் வருகிறேன் என்று சொல்லி, பிறந்து சில வாரமே ஆன குழந்தையோடு 1793-ல் கப்பலேறினார். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் டாரதியின் மனநிலை தேறவே இல்லை. 1807-ல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். அவசரப்படுத்தி வாங்கிய சம்மதம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

புறப்படும் முன் ஊழிய ஸ்தாபனத்தாரிடம் உங்களோடு தனியாகப் பேச நேரம் கேளுங்கள். மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். நியமனக் கடிதத்தில் உங்கள் பெயரும் பொறுப்பும் இருக்கிறதா? மொழி கற்க உங்களுக்கும் நேரமும் பணமும் ஒதுக்கியிருக்கிறதா? உங்கள் உடல்நலத்துக்காகவோ பிள்ளைகளுக்காகவோ இடையில் திரும்பவேண்டி வந்தால் பயணச்செலவு யாருடையது? உள்ளுக்குள் "வேண்டாம்" என்று இருந்தால் அதை இப்போதே சொல்லுங்கள். கர்த்தருக்கு முன்பாக அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எதைக் கொண்டுபோவது, எதை விடுவது?

கொசுவலை, பாத்திரம், வாளி, பாய் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கிடைக்காதவை சின்னச் சாமான்கள்தான்: குக்கருக்குக் கூடுதல் கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும், இட்லித் தட்டு, மிக்ஸி ஜாரின் பிளேடும் கப்ளரும், டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, தமிழ் வேதாகமம் ஆளுக்கொன்று, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சி நோட்டுகள். மின்னழுத்தம் நம் ஊரைப் போல 230 வோல்ட்தான், ஆனால் பிளக் மூன்று தட்டைக் கம்பி உள்ள பிரிட்டிஷ் வகை. கரண்ட் போய்த் திரும்பும்போது ஏறி இறங்குவதால், ஃபிரிஜ்ஜுக்கும் மடிக்கணினிக்கும் சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் இருக்கவேண்டாம். செடி, விதை எதையும் பெட்டியில் திணிக்காதீர்கள். கறிவேப்பிலை வேண்டுமானால் நகரத்து இந்தியக் குடும்பங்களிடம் கேளுங்கள்.

குடிக்கும் தண்ணீரை என்ன செய்வது?

கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். பிறகு தளதளவென்று கொதி வந்தபின் முழுதாக 1 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். பத்து நிமிடம் கொதிக்கவைப்பது கரிக்குத்தான் கேடு. விறகோ கரியோ இல்லாத நாளுக்குக் கடைகளில் விற்கும் குளோரின் திரவம் ஒரு பாட்டில் வையுங்கள். லேபிளில் உள்ள அளவு ஊற்றி 30 நிமிடம் காத்திருக்கவேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது சுத்திகரித்த பிறகுதான். கொதித்த தண்ணீரை வாயகன்ற குடத்தில் வைத்து ஆளாளுக்கு டம்ளரை முக்கினால் பட்ட பாடெல்லாம் வீண். மூடியும் குழாயும் உள்ள வாளியில் வையுங்கள். 2022-23-ல் வந்த காலரா மலாவியில் 1,700-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடிப்போனால் ஆபத்து, ஆகவே கண்ணளவு வேண்டாம். கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். போக்கு நின்றதும் அதை நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை.

மலேரியாவுக்கு எவ்வளவு பயப்படவேண்டும்?

மதிக்கும் அளவுக்கு. 1875-ல் மலாவி ஏரிக்கரையிலுள்ள கேப் மக்ளியரில் தொடங்கிய லிவிங்ஸ்டோனியா மிஷன் 1881-ல் அந்த இடத்தையே விட்டு நகர்ந்தது. முக்கியக் காரணம் இந்தக் காய்ச்சல். மிஷனெரிகளின் கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. நம் ஊரில் அதிகம் பார்க்கும் விட்டு விட்டு வரும் மலேரியா அல்ல இது. ஃபால்சிபாரம் வகை, சிறு பிள்ளைகளுக்கு ஓரிரு நாளில் மூளைக்கு ஏறிவிடும்.

விதி ஒன்றுதான்: காய்ச்சல் என்றால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. "சளிக் காய்ச்சல்தான், நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சு வேண்டாம். வீட்டில் ரேபிட் டெஸ்ட் கிட் வையுங்கள், காலாவதித் தேதியையும் சேமிக்கும் வெப்பநிலையையும் பாருங்கள். அந்த கிட்டுக்கு ஒரு குறை உண்டு. மலேரியா குணமான பின்னும் சில வாரங்களுக்கு அது பாசிட்டிவ் என்றே காட்டலாம். சமீபத்தில் மருந்து சாப்பிட்ட பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் கண்ணாடித் துண்டில் இரத்தம் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கிட் நெகட்டிவ் காட்டியும் காய்ச்சல் விடாவிட்டால் மறுநாள் திரும்பச் சோதியுங்கள்.

வழக்கமான மருந்து ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின். எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார். 3 நாளில் 6 வேளை. இரண்டாவது வேளை முதல் வேளைக்குச் சரியாக 8 மணி நேரம் கழித்து. அது நள்ளிரவாக இருந்தால் அலாரம் வைத்து எழுப்பித்தான் கொடுக்கவேண்டும். கொழுப்போடு கொடுத்தால்தான் மருந்து உடம்பில் சேரும்: பால், முட்டை, ஒரு ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெய். கொடுத்து 1 மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுங்கள். இரண்டாம் முறையும் வாந்தி வந்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் விழிக்காவிட்டாலோ மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஊசி மருந்து கிடைக்கும் ஆஸ்பத்திரிக்கு.

ஊரிலிருந்து குளோரோகுயின் வாங்கிப்போக வேண்டாம். மலாவி 1993-லேயே அதைச் சிகிச்சையிலிருந்து நீக்கிவிட்டது. தடுப்பு மாத்திரை எது என்பதைப் பயண மருத்துவரோடு முடிவெடுங்கள். டாக்சிசைக்ளின் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று என்பதால் வசதி, ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, படபடப்பு, சோர்வு தரும். 2-3 வாரம் முன்பே தொடங்கினால் ஒத்துக்கொள்கிறதா என்பது ஊரிலேயே தெரிந்துவிடும். மனச்சோர்வு ஏற்கெனவே வந்தவர்கள் அதைத் தொடவேண்டாம்.

துணியையெல்லாம் இஸ்திரி போடவேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. புட்ஸி ஈ என்று ஒன்று உண்டு. நிழலில் காயும் ஈரத்துணியில் முட்டையிடும். ஓரிரு நாளில் புழு பொரித்து, அந்தத் துணி உடம்பில் பட்டதும் தோலுக்குள் நுழைந்துவிடும். பார்க்க வெறும் கொப்புளம் போலவே இருக்கும், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அதுதான் புழு மூச்சுவிடும் துளை. குழந்தையின் இடுப்பிலும் முதுகிலும் வரிசையாக வந்தால் டயபர் துணியையும் தொட்டில் விரிப்பையும் சந்தேகியுங்கள். கொப்புளத்தின்மேல் வாசலின் தடித்துப் பூசி மூடினால் புழு காற்றுக்காக மேலே வரும். அப்போது இரு பக்கமும் மெதுவாக அழுத்தி எடுக்கலாம். அவசரப்பட்டுப் பிதுக்கினால் புழு உள்ளேயே அறுந்து சீழ்பிடிக்கும்.

தடுக்க: நல்ல வெயிலில் காயப்போடுங்கள், மழைக்காலத்தில் வலையடித்த அறைக்குள். எப்படியானாலும் சூடான இஸ்திரி இரண்டு பக்கமும். தையல் மடிப்பு, எலாஸ்டிக், சட்டைக் காலர் மூன்றும்தான் விட்டுப்போகும் இடங்கள். கரண்ட் இல்லாவிட்டால் கரி இஸ்திரிப் பெட்டி சந்தையில் கிடைக்கும். இஸ்திரி போடமுடியாத கம்பளியை 2 வாரத்துக்கு மேல் மூடி வைத்துவிட்டு உடுத்துங்கள். அதற்குள் புழு செத்துவிடும்.

கரியைப் பற்றி இன்னொன்று. ம்பாவுலா எனும் கரியடுப்பைக் குளிர்காலத்தில் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

பிள்ளைகள் ஏரியில் குளிக்கலாமா?

மலாவி ஏரி அழகு, ஆனால் கரையோரத்து நாணலும் நத்தையும் உள்ள இடங்களில் பில்ஹார்சியா ஒட்டுண்ணி தண்ணீரிலிருந்தே தோல்வழி ஏறும். குளித்தவுடன் துவட்டினால் போதும் என்பதை நம்பாதீர்கள். இறங்கிவிட்டால் பதற்றப்பட்டு மறுநாளே பிராசிகுவான்டெல் கொடுப்பதும் பயனில்லை. அது வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். 6 முதல் 12 வாரம் கழித்துப் பரிசோதித்து, எடைக்கேற்பக் கொடுக்கவேண்டும்.

நம் சாப்பாடு கிடைக்குமா?

கொஞ்சம் கண் திறந்து பார்த்தால் நிறையவே. துவரை மலாவியில் விளைகிறது, அங்கே அதன் பெயர் நன்டோலோ. இந்தியாவே மலாவியிலிருந்து ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்க 2021-ல் ஒப்பந்தம் போட்டது. கிராமச் சந்தையில் தோலோடு முழுத் துவரையாக இருக்கும்; இரவு முழுக்க ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள். உடைத்த பருப்பு வேண்டுமானால் பிளான்டயர், லிம்பே பக்கத்து இந்தியக் கடைகள். புளி ப்வேம்பா, முருங்கை சம்வம்பா, தண்டுக்கீரை போன்றது போனோங்வே. பூசணி இலையைக்கூட வேர்க்கடலைப் பொடி போட்டு அருமையாகச் சமைப்பார்கள், அந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அரிசிக்குக் கரோங்கா பக்கத்துக் கிலோம்பெரோ வகை நல்ல மணம். ஆனால் பச்சரிசி, இட்லி இறுகிப்போகும், தோசைக்குச் சரி. 3 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்தும் ஒரு கைப்பிடி சோறும் சேர்த்து அரையுங்கள். ஜூன், ஜூலையில் மேட்டுநிலத்தில் மாவு ஒரே இரவில் பொங்காது, அதற்காகச் சோடா உப்பை அள்ளிப்போடவேண்டாம். போர்வை சுற்றி இன்னும் அரைநாள் விடுங்கள்.

ன்சீமாவை, அதாவது மக்காச்சோள மாவுக் களியை, பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலிருந்தே கொடுங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் அதுதான் இருக்கும், கையால்தான் சாப்பிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

அக்கம்பக்கத்தார் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

மிஷனெரி என்றால் அவர்கள் மனதில் வருவது வெள்ளைக்காரர், அஸுங்கு. இந்தியர் என்றால் அம்வென்யே, கடைக்காரர். ஆகவே முதலில் உங்களிடம் ஜெபம் கேட்கமாட்டார்கள், விலை கேட்பார்கள், கடன் கேட்பார்கள். "இந்தியரில் கிறிஸ்தவர் உண்டா?" என்பதும் சகஜமான கேள்வி. கோபப்படாமல் வருஷக்கணக்கில் பதில் சொல்லவேண்டும். உள்ளூர்ச் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சேருவதுதான் நேர்வழி. மலாவியின் பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபையில் பிளான்டயர் சினட்டில் அதற்கு ம்வானோ என்று பெயர், ன்கோமாவில் சிக்விரிஸானோ, லிவிங்ஸ்டோனியாவில் உமன்யானோ. பேசவேண்டாம், முதல் ஆண்டு பாயில் அவர்களோடு உட்கார்ந்தால் போதும்.

உடைக்குச் சுடிதாரின்மேல் இடுப்பில் ஒரு சித்தென்ஜே துணி சுற்றிக்கொள்வது கச்சிதம். வீட்டுக்கு வருபவர்கள் கதவைத் தட்டாமல் "ஓடி!" என்று வெளியே நின்று கூப்பிடுவார்கள், "ஓடினி" என்று பதில் சொல்லவேண்டும். எதையும் இரு கையால், அல்லது வலதுகையை இடதுகையால் தாங்கி வாங்குங்கள்.

சாவு வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போதகர் எத்தனை பிரசங்கம் செய்தாலும் அவர் மனைவி மலீரோவுக்கு, துக்க வீட்டுக்கு, வந்தாரா என்றுதான் ஊர் நினைவில் வைக்கும். சித்தென்ஜே கட்டி, தலையை மூடி, மாவோ பணமோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பெண்களோடு தரையில் உட்காருங்கள். மொழி தெரியாதது அங்கே ஒரு குறையே இல்லை.

தினமும் வாசலில் உதவி கேட்டு வருகிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

இது பெரும்பாலும் கணவர் வெளியே போனபின் தாயின் தலையில் விழும் பாரம். டிசம்பர் முதல் மார்ச் வரை, ஏப்ரல் அறுவடைக்கு முன், பழைய சோளம் தீர்ந்துபோன மாதங்கள். அப்போது வருபவர்கள் உண்மையிலேயே பசியோடு வருகிறார்கள். அவர்களை வெறுங்கையாக அனுப்பவும் மனம் வராது, எல்லாருக்கும் கொடுக்கவும் கை காணாது.

அறுவடை முடிந்து விலை இறங்கியிருக்கும் மே, ஜூனில் 50 கிலோ மூட்டைகளாகச் சோளம் வாங்கி, பூச்சி அண்டாமல் சபையில் வைத்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை மூப்பர்களும் பெண்கள் ஐக்கியமும் முடிவுசெய்யட்டும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் பணம் கொடுப்பதை மருந்துக்கும் சாவுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடன் என்ற பேரில் கொடுக்கவேண்டாம். திரும்பித் தரமுடியாதவர் உங்கள் வீட்டுப் பக்கமே வராமல் போய்விடுவார்; பணத்தோடு ஆத்துமாவையும் இழப்பீர்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது சரியா?

சரி. கரியடுப்பு, தண்ணீர், இஸ்திரி மூன்றையும் ஒருவரே பார்த்தால் மொழி கற்க நேரமிராது. ஊரிலும் அதை ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பாகவே பார்ப்பார்கள். சம்பளம், விடுப்பு நாள், மருத்துவச் செலவு, சாவுக்கு முன்பணம் ஆகியவற்றை உள்ளூர் மொழியான சிச்சேவாவில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாணய மதிப்பு இறங்கும்போது சம்பளத்தை நீங்களாகவே உயர்த்துங்கள். 2023 நவம்பரில் மலாவி நாணயமான க்வாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் 44 சதவீதம் குறைத்தார்கள், கூலிக்காரர் வீட்டில் அதன் அடி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

கைக்குழந்தையோடு சிச்சேவா கற்க முடியுமா?

முடியும், நாளுக்கு 2 மணி நேரம் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொண்டால். அந்த ஒருவர் கணவராகவும் இருக்கலாம். அப்பாவுக்கு மொழி வந்து அம்மாவுக்கு வராமல் போன வீடுகளில் அம்மா நாளடைவில் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார். ஒருமை பன்மை சொல்லின் முன்னால் மாறும்: ம்வானா என்றால் பிள்ளை, அனா என்றால் பிள்ளைகள். பெரியவர்களை இனு என்று சொல்லுங்கள், இவே என்பது நம் "நீ". தமிழருக்கு இது தானாகவே வந்துவிடும்.

பிள்ளைகளின் படிப்பும் தமிழும்?

சிறு வகுப்புகளுக்கு வீட்டுப் படிப்பு போதும்: காலை 8 முதல் 11 வரை, மின்சாரத்தை நம்பாத அச்சுப் புத்தகங்களோடு. பத்தாம் வகுப்புக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதியலாம். 14 வயது நிரம்பியிருக்கவேண்டும். பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை. உங்கள் விடுப்பை அதற்கேற்ப அமைத்து இந்தியாவில் எழுத வையுங்கள்.

விடுதிப் பள்ளிகளும் உண்டு. மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இருக்கிறது. கென்யாவின் கிஜாபேயில் 1906-ல் தொடங்கிய ரிஃப்ட் வேலி அகாடமி இருக்கிறது. எங்கள் கருத்தைக் கேட்டால், 12 வயதுக்கு முன் விடுதி வேண்டாம். அனுப்பினாலும் பிள்ளை "வீட்டுக்கு வரவேண்டும்" என்று சொன்னால் அதை அவிசுவாசம் என்று கண்டிக்காமல் காதுகொடுத்துக் கேளுங்கள்.

தமிழ் தானாக நிற்காது. வீட்டுக்குள் தமிழ் மட்டும் என்ற விதியும், இரவில் ஒரு சங்கீதத்தை உரக்க வாசிக்கும் பழக்கமும் வேண்டும். மலாவி நேரம் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே பிற்பகல் 3:30 ஆகும்போது ஊரில் மாலை 7. தாத்தா பாட்டியோடு பேச அதுதான் தோதான நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பேசலாம் என்று தள்ளினால் அவர்கள் தூங்கியிருப்பார்கள்.

தனி ஜெபத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

இல்லை, தூக்கம் குறைந்திருக்கிறது. பாலூட்டும் தாய் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்கவேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பால் கொடுக்கும்போது ஒரே சங்கீதத்தை வாரம் முழுக்க வாசியுங்கள். குடும்ப ஜெபம் 15 நிமிடத்தைத் தாண்டவேண்டாம்: ஒரு கீர்த்தனை, சிறு வாசிப்பு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாக்கியம். வாரத்தில் ஒரு பிற்பகல் பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுத் தனியே இருங்கள், அதை அட்டவணையில் எழுதியே வையுங்கள். எழுதாத நேரத்தை யாராவது எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர் ஆராதனை மூன்று மணி நேரம் போகும், மொழி புரியாது. ஆகவே மாதம் ஒருமுறையாவது தமிழில் ஆராதனை கேளுங்கள்.

அழுகையாகவே வருகிறது. யாரிடம் சொல்வது?

முதல் சில மாதங்களில் அழுகை இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, பிள்ளைகளைத் தொடவே பிடிக்கவில்லை, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது நோய். பாவமும் அல்ல, பிசாசின் கிரியை என்று விட்டுவிடுவதும் அல்ல. அதற்கு மருத்துவர் வேண்டும். மெஃப்ளோகுயின் சாப்பிடுகிறவரானால் அதை முதலில் சொல்லுங்கள். புறப்படும் முன்பே, ஸ்தாபனத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பெண்ணை, ஒரு அக்காவையோ ஆலோசகரையோ, மாதம் ஒருமுறை பேசுவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சம்பளம் தருகிறவரிடம் யாரும் மனம் திறந்து பேசுவதில்லை.

பிரசவம் அங்கேயா, ஊரிலா?

முதல் பிரசவமோ, முந்தையது சிசேரியனோ, உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகையோ என்றால் ஊருக்கு வந்துவிடுங்கள். 28 வாரத்துக்குப் பின் விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்கும், 36-க்குப் பின் பெரும்பாலும் ஏற்றாது. அங்கே பெற்றுக்கொள்வதானால் 36-வது வாரத்திலேயே அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரி அருகே தங்கப் போய்விடுங்கள். மழைக்காலச் சாலையை நம்பவேண்டாம். அங்கே பிறந்த பிள்ளையின் இந்தியக் குடியுரிமைக்கு 1 ஆண்டுக்குள் லிலோங்குவேயிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பதியவேண்டும்.

ஜெபக் கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம், மூன்று ஜெபக் குறிப்பு. அண்டை வீட்டாரின் வறுமையைப் பேரும் படமும் போட்டு எழுதாதீர்கள், அந்தப் படம் அலைபேசி வழியாக அவர்களிடமே திரும்பி வரும். உங்கள் பிள்ளைகளின் படத்தையும் பள்ளிப் பெயரையும் போடவேண்டாம். நல்ல செய்தி இல்லாத மாதத்தில் இல்லை என்றே எழுதுங்கள். தாங்கும் குடும்பங்கள் அதற்காகக் காணிக்கையைக் குறைப்பதில்லை, அதிகமாக ஜெபிக்கிறார்கள்.

விடுப்பில் ஊருக்கு வரும்போது கவனிக்கவேண்டியது?

முதல் இரண்டு வாரம் எந்தச் சபைக்கும் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குள் எல்லாரும் மலம், சிறுநீர், இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிள்ளைகளை மேடையில் நிறுத்திச் சிச்சேவாவில் பாடச் சொல்வார்கள். முன்கூட்டியே பிள்ளையிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் போதகரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வரும் வழி கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கவேண்டும். பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருந்தால்தான் அது செல்லும். தடுப்பு மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்தாதீர்கள்: அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரையானால் 7 நாள், டாக்சிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் 4 வாரம் தொடரவேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டெங்கு என்று மருத்துவர் எழுதத் தொடங்கும் முன், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம், ஃபால்சிபாரம் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.